வடசென்னை மழைநீர் வடிகால்களின் பராமரிப்பும் நிதியாதாரமும்

ஆய்வுச்சுருக்கம்

வடசென்னையின் துறைமுக, தொழிற்பகுதிகளில் மழைநீர் வடிகால் கட்டுவதற்குக் கடனும் மானியமும் கிடைக்கின்றன. கட்டிய வடிகாலை ஆண்டுதோறும் தூர்வாரிப் பேணுவதற்குத் தனி வருவாய் இல்லை. இந்நிலையின் காரணங்களையும், நீர் புகாத் தரைப்பரப்பின் அடிப்படையில் விதிக்கப்படும் வடிகால் கட்டணம் அதற்குத் தீர்வாகுமா என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மழைநீர் வடிகால், தூர்வாருதல், சொத்து வரி, எண்ணூர்க் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய்

முன்னுரை

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழிகிறது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான நிலம் கிழக்கே கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட தாழ்வான பகுதியாகும். நிலச்சரிவு மிகக் குறைவாதலால் வடிகாலில் நீர் மெதுவாகவே ஓடுகிறது. மெதுவாக ஓடும் நீரில் வண்டல் விரைவில் படிகிறது. கடல் ஏற்றத்தின்போது கழிமுகம் வழியாக நீர் வடிவதும் தடைப்படுகிறது. ஆகவே, இப்பகுதியில் வடிகாலின் அகலத்தைப் போலவே அதன் தூய்மையும் இன்றியமையாதது.

கட்டுமானமும் கடனும்

2011-இல் திருவொற்றியூர், மணலி முதலிய பகுதிகள் இணைக்கப்பட்டபோது மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.-இலிருந்து 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது. 2015 பெருவெள்ளத்திற்குப் பின் ஆற்றுப்படுகை வாரியாக வடிகால் அமைக்கும் பணிகள் விரைவுபெற்றன. கொசஸ்தலையாற்றுப் படுகைக்கென ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 251 மில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 588 கி.மீ. புதிய வடிகால்களை அமைப்பதும் 175 கி.மீ. பழைய வடிகால்களைச் சீரமைப்பதும் அத்திட்டத்தின் இலக்குகள். இத்தகைய கடன் கட்டுமானத்தோடு நிறைவுறும். தூர்வாரும் செலவோ வடிகால் உள்ளளவும் தொடரும்.

பராமரிப்பின் தன்மை

பருவமழைக்கு முன் வண்டல் வடிகட்டித் தொட்டிகளைத் துப்புரவு செய்தல், வடிகாலைத் தூர்வாருதல், அள்ளிய வண்டலை அப்புறப்படுத்தல், உடைந்த மூடிகளை மாற்றுதல் ஆகியவை ஆண்டுப் பணிகள். அள்ளிய வண்டல் சாலையோரத்திலேயே கிடந்தால் அடுத்த மழையில் மீண்டும் வடிகாலுக்குள் செல்லும். கன்டெய்னர் லாரிகள் செல்லும் சாலைகளின் புழுதியும் முறையற்ற கழிவுநீர் இணைப்புகளும் படிவை மேலும் பெருக்குகின்றன.

பொறுப்பும் ஓரிடத்தில் இல்லை. தெரு வடிகால்கள் மாநகராட்சியிடமும், நெடுஞ்சாலையோர வடிகால்கள் பல நெடுஞ்சாலைத் துறையிடமும், பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையிடமும், கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்திடமும் உள்ளன. தெரு வடிகால் தூர்வாரப்பட்டும் கால்வாய் தூர்ந்திருந்தால் நீர் வடியாது.

இந்நீர்வழிகள் சுமப்பது மழைநீரை மட்டுமன்று. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழாயின. மேற்பகுதியில் நேரும் தவறின் விலையைக் கீழ்ப்பகுதியில் வாழ்வோர் செலுத்த நேர்ந்தது.

வருவாயின் இடைவெளி

கழிவுநீர் அகற்றலுக்குக் குடிநீர் வாரியம் தனி வரியும் கட்டணமும் பெறுகிறது. மழைநீர் வடிகாலுக்கு அவ்வாறான வருவாய் இல்லை. அதன் பராமரிப்பு மாநகராட்சியின் பொது நிதியில் சம்பளம், குப்பை அகற்றல், சாலைப்பணி ஆகியவற்றோடு போட்டியிடுகிறது. சொத்து வரியும் முதன்மையாகக் கட்டடப் பரப்பையும் பயன்பாட்டையும் கருதுகிறதேயன்றி, நிலத்திலிருந்து வழிந்தோடும் நீரைக் கருதுவதில்லை.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். 100 மி.மீ. மழையில் ஒரு ஹெக்டேர் கான்கிரீட் தளத்தின்மீது 10 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. 60 சதுர மீட்டர் கூரையின்மீது விழுவது 6,000 லிட்டர் மட்டுமே. அதாவது, ஒரு ஹெக்டேர் கன்டெய்னர் முனையம் 166-க்கும் மேற்பட்ட சிறு வீடுகளுக்கு நிகரான நீரை வடிகாலுக்கு அனுப்பக்கூடும். அங்குக் கட்டடம் குறைவாயினும் வடிகாலின் சுமை பெரிது.

இவ்வடிப்படையிலான கட்டண முறை பிற நாடுகளில் வழக்கிலுள்ளது. அமெரிக்காவின் பெல்வியூ நகரம் 1974-இல் மழைநீருக்கெனத் தனி அமைப்பை நிறுவியது. பிலடெல்பியா நகரம் 2010 முதல், குடியிருப்பு அல்லாத மனைகளுக்கு நிலப்பரப்பையும் நீர் புகாப் பரப்பையும் கருதிக் கட்டணம் விதிக்கலாயிற்று. நீரைத் தம் மனையிலேயே தேக்குவோருக்கு அங்குச் சலுகையும் உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழகத்திற்கு இச்சலுகை இயைபுடையது.

தடைகளும் உள்ளன. ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு அரசியலமைப்பின் 285-ஆவது உறுப்பு வரிவிலக்கு அளிக்கிறது. எனவே இரயில்வே போன்ற பெரு நிலவுடைமையாளர்களிடம் சேவைக் கட்டணமாகவே பெற இயலும். 2022-இல் சொத்து வரி உயர்ந்த நிலையில், மீனவக் குப்பங்களுக்கும் சிறு வீடுகளுக்கும் விலக்கு தேவைப்படும்.

முடிவுரை

வடசென்னையின் வடிகால் சிக்கல் கட்டுமானக் குறையோடு முடிவதன்று. அது பராமரிப்பு வருவாயின் குறையுமாகும். நீர் புகாப் பரப்பிற்கேற்ற கட்டணமும், அத்தொகையைப் பிற செலவுகளுக்கு மாற்ற இயலாத தனிக் கணக்கும், தெரு வடிகால் முதல் கழிமுகம் வரை ஒருங்கிணைந்த தூர்வாரும் அட்டவணையும் இணைந்தே இக்குறையை நீக்கவல்லன. கடன் வாங்கிக் கட்டிய வடிகால் மண்மூடிப் போகுமாயின், மக்கள் கடனையும் வெள்ளத்தையும் ஒருசேரச் சுமக்க நேரும்.