ஊர் தேர்ந்தெடுத்த பெண்கள்

1971-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்தின் ஜாம்கேட் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஏறத்தாழ ஆறு தொட்டிலுக்கு ஒரு தொட்டில் வெறுமையாயிற்று. 1990-களில் அந்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த மாற்றத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பவிருக்கும் வாசகர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அந்தப் பெண்களைப் பற்றி அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இவ்விதழில் இதனை எழுதுகிறோம்.

ஜாம்கேட், அகமத்நகர் மாவட்டத்தில் உள்ள வறண்ட நிலப்பகுதி. மாவட்டத்தின் பெயர் இப்போது அகில்யாநகர். 1970-இல் அங்கு ஊரகச் சுகாதாரத் திட்டமொன்றைத் தொடங்கியவர்கள் ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே என்னும் மருத்துவத் தம்பதியர். இருவரும் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்க வேண்டியிருந்த காலத்தில், ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அக்கல்லூரியாக வளர்ந்தது. ஆடவர் அங்கு மாணவராகச் சேர்க்கப்பட்டது 1947-இல்தான். அந்த மரபின் சாயல் ஜாம்கேட்டிலும் படிந்திருக்கிறது என்று நாங்கள் எண்ணுவதுண்டு.

அரோலே தம்பதியரின் முதல் முயற்சி கைகூடவில்லை. பயிற்சி பெற்ற துணைச் செவிலியரை ஊர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்கள் அறிமுகமில்லாத ஊரில் தனித்துத் தங்க அஞ்சினார்கள். ஊர்ப் பெண்களோ, தங்கள் வாழ்க்கையை அறியாத ஒருவர் கூறும் அறிவுரையை ஏற்கத் தயங்கினார்கள். குறை செவிலியரிடத்தும் இல்லை, ஊர்ப் பெண்களிடத்தும் இல்லை. இருவருக்கும் இடையே இருந்த தொலைவுதான் குறை. எனவே, ஒவ்வோர் ஊரும் தன் பெண்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும் என்று முடிவாயிற்று.

அவ்வாறு வந்தவர்களுள் தலித் பெண்கள் பலர். கைம்பெண்கள் இருந்தார்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் இருந்தார்கள். நாலு பேர் நடுவில் வாய்திறந்து பேசியறியாதவர்கள். தம் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதையே அவர்கள் முதலில் நம்ப வேண்டியிருந்தது. ஆகவே மருந்தின் பெயரைச் சொல்லித் தருவதற்கு முன்னர், தயக்கமின்றிப் பேசக் கற்றுத் தர வேண்டியதாயிற்று. மேபெல் அரோலே இப்பணியில் செலுத்திய பொறுமையைப் பெரிதாகவே மதிக்கிறோம். நோயைக் கண்டறிவதை நூல்கள் கற்றுத் தரும். குனிந்த தலையை நிமிர்த்தும் வழி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

வாரந்தோறும் அவர்கள் ஜாம்கேட்டுக்கு வந்து கூடினார்கள். இரவும் அங்கேயே தங்கினார்கள். வெவ்வேறு சாதியினர் ஒன்றாக உண்டு, ஒரே கூரையின்கீழ் அருகருகே உறங்கினார்கள். ஊரில் ஒருவர் தொட்ட தண்ணீரை மற்றவர் அருந்தாத காலம் அது. கற்ற பாடங்களைப் பார்த்தால் இன்று எளியவையாகத் தோன்றும்: பிரசவத்துக்கு முன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல், தூய புதிய பிளேடால் தொப்புள்கொடியை அறுத்தல், கர்ப்பிணிக்கு ரணஜன்னித் தடுப்பூசி கிடைக்கச் செய்தல், வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டுதல், உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் தொழுநோயோ என ஐயுறுதல், நாட்பட்ட இருமலைப் பொருட்படுத்துதல். குழந்தைகளைச் சாகடித்துக்கொண்டிருந்தவையும் பெரும்பாலும் இத்தகைய எளிய காரணங்களே. ஒரு வாரம் கற்றதை ஊரில் செய்து பார்த்து, நேர்ந்ததை அடுத்த வாரம் வந்து சொல்லி, ஐயம் தெளிந்து திரும்புவார்கள். ஏட்டில் எழுதிக்கொள்ள இயலாதவர்கள் நினைவில் எழுதிக்கொண்டார்கள்.

கற்றதை அவர்கள் பிற பெண்களிடம் கொண்டு சென்ற விதந்தான் இங்கு முக்கியமானது. கர்ப்பிணி வயிறார உண்டால் பிள்ளை பருத்துப் பிரசவம் கடினமாகும் என்றொரு நம்பிக்கை அவ்வூர்களில் இருந்தது. நம் ஊர்களிலும் அதைக் கேட்டிருப்போம். மருத்துவர் வந்து மறுத்திருந்தால் மாமியார் தலையாட்டிவிட்டு, மருமகளின் தட்டில் வழக்கம்போல் அரை வயிற்றுக்கே பரிமாறியிருப்பார். ஊர்ச் சுகாதாரப் பணியாளரோ அதே தெருவில் வாழ்ந்து, அதே நம்பிக்கையோடு தம் பிள்ளைகளைப் பெற்றவர். அடுப்படியில் அமர்ந்து, சோறு வடியும்வரை பேசிக்கொண்டிருக்க அவரால் முடியும். இன்று கேட்காவிட்டால் நாளையும் வருவார். மாமியாரை எதிரியாக்காமல் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளும் நயம், ஊரின் உறவுமுறைகளை அறிந்த அவருக்கே கைவந்தது.

நாளடைவில் ஊர்தோறும் மகளிர் மன்றங்கள் தோன்றின. சிறு சேமிப்பும் கடனும், ஆடு வளர்ப்பு போன்ற சிறு தொழில்களும் அவற்றின் வழியே வந்தன. கையில் நாலு காசு இருக்கும் பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வண்டி ஏறுவாள். சுகாதாரப் பணியாளர்களுள் சிலர் ஊராட்சித் தலைவர் பொறுப்புக்கும் வந்தார்கள்.

அப்பெண்களுள் ஒருவர் வாஷிங்டனில் நிகழ்ந்த மாநாட்டில் பேச அழைக்கப்பட்டார். மண்டபத்தில் தொங்கிய சரவிளக்கைப் பெரிய மருத்துவமனைக்கும், தம் கையிலிருந்த சிறு விளக்கைத் தம்மைப் போன்ற ஊர்ப் பெண்களுக்கும் அவர் ஒப்பிட்டார். சரவிளக்கு ஒளி மிக்கது, விலையும் மிக்கது, எல்லோர்க்கும் எட்டாதது. சிறு விளக்கோ இன்னொரு விளக்கை ஏற்றவல்லது என்பது அவர் பேச்சின் சாரம். மருத்துவமனையைச் சேர்ந்த எங்களுக்குச் சுருக்கென்று தைக்கும் ஒப்புமைதான்! ஆயினும் மறுக்க இயலவில்லை. அறிந்ததைத் தம்மிடமே வைத்துக்கொண்டால் பிழைப்புக்கு ஆகும் என்று எண்ணுவது எத்தொழிலிலும் உண்டு. உப்புச் சர்க்கரை நீர் கலக்கும் முறை தெருவிலுள்ள தாய்மார் அனைவருக்கும் தெரிந்துவிட்டால் பணியாளரைத் தேடி வருவோர் குறைவர். அவர்கள் விரும்பியதும் அதையேதான்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தைக் கடும் வறட்சி வாட்டியது. குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறுகள் தோண்ட முற்பட்டபோது, இடங்களைத் தலித் குடியிருப்புகளுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும்படி அரோலே தம்பதியர் பார்த்துக்கொண்டார்கள். ஏனையோர் குடத்தோடு அங்கு வந்தே தீர வேண்டியதாயிற்று. நல்ல தண்ணீர் கிடைத்ததால் வயிற்றுநோய் குறைந்தது. குழாயடியில் பெண்கள் ஒன்றாக நின்றதால் வேறு சிலவும் குறையத் தொடங்கின.

ஜாம்கேட்டின் அனுபவம், உலக சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட நூலொன்றில் இடம்பெற்றது. அரோலே தம்பதியர்க்கு 1979-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. சத்தீஸ்கரில் 2002-இல் ‘மிதானின்’, அதாவது தோழி, என்னும் பெயரில் ஊர்ப் பெண்களைப் பயிற்றும் திட்டம் தொடங்கியது. 2005-இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் ‘ஆஷா’ பணியாளர்களை நாடெங்கும் கொணர்ந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷா பணியாளர்களுக்கு விருதளித்துப் பெருமைப்படுத்தியது. எனினும் அவர்கள் இன்னும் ‘தொண்டர்’ என்றே குறிக்கப்படுகிறார்கள்; செய்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகையே முதன்மையான வருவாய். ஜாம்கேட் பெண்களும் மாதச் சம்பளத்துக்காக உழைத்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்குத் தொழிற்பயிற்சி கிடைத்தது, ஊரில் மதிப்பு கிடைத்தது, வாரந்தோறும் செவிசாய்க்க ஆசிரியர் கிடைத்தார். அவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தொண்டு என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் இப்பணிக்கு உரமாக அமைந்தவை மகளிர் சுய உதவிக் குழுக்கள். 1989-இல் தருமபுரியில் அரசு ஆதரவோடு தொடங்கிய இக்குழுக்களைச் சேர்ந்த பெண்களே, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்களாக வீடுதோறும் வருகிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்து, சிகிச்சையில் உள்ளோர்க்கு மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். கிராம சுகாதார செவிலியர் அவர்களுக்கு முன்பிருந்தே நம் ஊர்களில் இருக்கிறார்.

நீங்கள் வீடு திரும்பிய சில நாட்களில் அவர்களுள் ஒருவர் உங்கள் வாசலுக்கு வரலாம். ‘எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்த்தாயிற்று’ என்று வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்து அமரச் செய்து, இங்கு பெற்ற டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் காட்டுங்கள். எந்த மாத்திரை புதிது, எது நிறுத்தப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். முன்பு அவர் கொடுத்த மாத்திரைகள் வீட்டில் இருப்பின் அவற்றையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மருந்தை இருவேறு பெயர்களில் இருமுறை உட்கொள்ளும் தவறு இவ்வாறுதான் பிடிபடும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மருமகளோ தம் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி வெகுகாலம் ஆகியிருக்கும். அவர் வந்திருக்கும்போதே தம் கையையும் நீட்டட்டும்.

அவர் மருத்துவர் அல்லர் என்பதையும் நினைவிற்கொள்க. மார்பு வலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் திடீரெனச் செயலிழத்தல் ஆகியவை நேர்ந்தால் அவர் வருகைக்குக் காத்திராமல் 108 எண்ணை அழைக்க வேண்டும். சுருக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொற்கள் விளங்காவிடின், புறப்படுவதற்கு முன் வார்டு செவிலியரிடம் கேட்டு, மருந்துகளின் பெயர்களையும் வேளைகளையும் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாசலுக்கு வரும் பெண்ணும் அதைத்தான் முதலில் கேட்பார்.