முடிவெட்டும் அரை மணி நேரம்

2021 ஏப்ரல் நடுவில் ஒரு நாள் எங்கள் தெருமுனை சலூனுக்குப் போயிருந்தேன். நான் கொரோனாவுக்கு முதல் தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டு பத்து நாள் ஆகியிருந்தது. முடிவெட்ட வந்த தம்பிக்கு இருபத்தாறு வயதிருக்கும். "ஊசி போட்டாச்சாப்பா?" என்று கேட்டேன்.

"எங்க சார், நாப்பத்தஞ்சு ஆனவங்களுக்குத்தான் போடுறாங்களாம். போய்க் கேட்டேன், திருப்பி அனுப்பிட்டாங்க."

இதைச் சொல்வதற்காக முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியவர், அதை மறுபடி ஏற்றவில்லை. துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார், தலையில் தண்ணீர் அடித்தார், காதோரம் குனிந்து கத்தரியை ஓட்டினார். அவர் மூச்சு என் கழுத்தில் படுவது தெரிந்தது. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்த இரண்டு பேரில் ஒருவர் இருமினார்.

அந்தத் தம்பி ஊசிக்குப் பயந்தவர் இல்லை. வரிசை அவரிடம் வரவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டில் 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் இணைநோய் உள்ள 45 வயதினருக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் போட்டார்கள். பதினெட்டு வயது வரை வாசல் திறந்தது மே 1 அன்று. அதற்குள் இரண்டாம் அலை தலைக்கு மேல் போய்விட்டது. நாள் முழுக்க மற்றவர் முகத்துக்கு அரை அடி தூரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் கடைசி வரிசையில் நின்றார்கள்.

தடுப்பூசி போடாத ஒருவர் நமக்கு முடிவெட்டினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் ஒரு நிகழ்வு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடந்தது. அப்போது உலகில் யாருக்குமே தடுப்பூசி இல்லை.

2020 மே 12 அன்று அங்கே ஒரு சலூனில் வேலை செய்த பெண்ணுக்குச் சுவாசத் தொல்லை தொடங்கியது. பரிசோதனை முடிவு வந்த மே 20 வரை அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து உடன் வேலை செய்த இன்னொருவருக்கும் அறிகுறி வந்தது. அவரும் மே 20 வரை வேலையை விடவில்லை. இருவருக்கும் கொரோனா உறுதியானது. அதற்குள் இருவருமாக 139 பேருக்கு முடிவெட்டியிருந்தார்கள்.

உள்ளூர் சுகாதாரத் துறை அந்த 139 பேரையும் 14 நாள் கண்காணித்தது. ஒருவருக்கும் அறிகுறி வரவில்லை. பரிசோதனைக்கு இசைந்த 67 பேருக்கும் 'தொற்று இல்லை' என்றே முடிவு வந்தது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதை 2020 ஜூலையில் வெளியிட்டது.

முடிவெட்டிய இருவரும் வாடிக்கையாளர் நாற்காலியில் இருந்த நேரமெல்லாம் முகக்கவசம் போட்டிருந்தார்கள். பின்னர் விசாரித்த 104 வாடிக்கையாளர்களில் 102 பேர், உட்கார்ந்தது முதல் எழுந்தது வரை தாங்களும் போட்டிருந்ததாகச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் போட்டிருந்தது வெறும் துணிக்கவசம். கிட்டத்தட்ட அதே அளவினர் சர்ஜிக்கல் கவசம். என்95 போட்டிருந்தவர்கள் ஐந்தே பேர்.

இதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. வாடிக்கையாளர் இல்லாத இடைவேளைகளில் அந்த இருவரும் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பழகியிருக்கிறார்கள். முதல் பெண்ணின் கணவர், மகள், மருமகன், அவர்களோடு தங்கியிருந்த ஒருவர் என நால்வருக்கு நோய் வந்தது. ஆக, அவரிடமிருந்து நோய் பரவவே செய்தது. கவசம் போட்ட நாற்காலியருகே பரவியதாகத் தெரியவில்லை, போடாத இடத்தில் பரவியது.

இதை வைத்து ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 67 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால், உண்மையான வாய்ப்பு நூற்றுக்கு நான்கைந்து வரைகூட இருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் கணக்கு. 72 பேர் பரிசோதனைக்கே வரவில்லை. அறிகுறி தோன்றுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் முடிவெட்டிக்கொண்டவர்களை யாரும் பரிசோதிக்கவில்லை. கொரோனா வேகமாகப் பரவும் நாட்களில் அவையும் அடங்கும். பின்னால் வந்த டெல்டாவும் ஒமிக்ரானும் இன்னும் எளிதில் பரவக்கூடியவை. இத்தனையையும் கழித்த பிறகும் ஸ்பிரிங்ஃபீல்டு தரும் நம்பிக்கை எனக்குப் பெரிதாகவே படுகிறது. சாதாரண கவசம் இரண்டு பக்கமும் இருந்தால், நோயாளியே முடிவெட்டினாலும் தப்பிக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

சலூனில் நாம் இரண்டு விதக் காற்றைச் சுவாசிக்கிறோம். ஒன்று, முடிவெட்டுகிறவரின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நேரே வரும் மூச்சு. அது கலைந்து நீர்த்துப்போவதற்குள் நம் முகத்தை எட்டிவிடும். ஜன்னலைத் திறந்தாலும் இதைத் தடுக்க முடியாது, கவசம்தான் தடுக்கும். மற்றொன்று, அறை முழுக்கக் கலந்து நிற்கும் காற்று. நமக்கு முன்னால் வந்துபோனவர் விட்ட மூச்சும் அதில் இருக்கும். பேசும்போது வெளியேறும் நுண்துளிகளில் பெரியவை சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ளவை மணிக்கணக்கில் மிதக்கும். ஆள் எழுந்து போன பிறகும் அவை போவதில்லை.

இந்த இரண்டாவது காற்று என்ன செய்யும் என்பதை 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சௌ நகரத்து உணவகம் ஒன்று காட்டியது. பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று. அந்த மூன்று மேசைகளையும் ஒரே ஏசியின் காற்று சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அளந்து பார்த்தபோது, ஒருவருக்கு நொடிக்குச் சுமார் ஒரு லிட்டர் வெளிக்காற்றுதான் உள்ளே வந்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் பரிந்துரைத்த அளவு ஒருவருக்கு நொடிக்குப் பத்து லிட்டர்.

நம் ஊர் சலூன் ஒன்றை வைத்துக் கணக்குப் போடலாம். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே இருப்பது 28 கன மீட்டர் காற்று. நாலு பேருக்கு நொடிக்கு 40 லிட்டர் வேண்டும். அப்படியானால் அறையின் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து முறை மாற வேண்டும். சுவரில் உள்ள சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் இதைச் செய்துவிடும். ஆனால் எதிர்ப்பக்கம் காற்று நுழைய ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும். ஐந்தாறு முறை மாறும் அறையில், நோயாளி போன அரை மணியில் அவர் விட்ட மூச்சில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கதவைச் சாத்தி ஏசி போட்ட அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் காற்று மாறும் என்று வைத்துக்கொண்டால், அதே அரை மணி கழித்தும் முக்கால் பங்குக்கு மேல் அங்கேயே இருக்கும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. கதவு சாத்திய அறையில் மின்விசிறியும் காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது.

இதை அளக்கக் கருவி வேண்டாம். காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவது நம் சலூன்களில் வழக்கம். அந்தப் புகையைப் பாருங்கள். அதன் துகள்கள் மூச்சின் நுண்துளிகளைவிடவும் சிறியவை. அவற்றைப் போலவே மிதப்பவை. புகை வளைந்து வாசல் பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ ஓடி மறைந்தால் காற்றோட்டம் இருக்கிறது. உத்தரத்தின் கீழ் படலமாகத் தேங்கி நின்றால் அடுத்தவர் மூச்சும் அப்படித்தான் தேங்கும்.

இரண்டாம் அலை தணிந்தபோது, 2021 ஜூன் 14 முதல் 27 மாவட்டங்களில் சலூன்களைத் திறக்கத் தமிழக அரசு அனுமதித்தது. ஆணையில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: குளிர்சாதன வசதி இல்லாமல், ஒரே நேரத்தில் பாதி வாடிக்கையாளர்களுடன். வெயில் காலத்தில் ஏசி இல்லாமல் எப்படி என்று முணுமுணுத்தவர்கள் பலர். அந்த வரியை எழுதியவர் சரியாக எழுதியிருந்தார் என்றே சொல்வேன். தினமும் தரையில் கிருமிநாசினி அடித்ததைவிட ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்தது பயனுள்ள காரியம். பொருட்களைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது.

அதற்காக, பிளேடு விஷயத்தில் துளியும் இறங்கி வரக் கூடாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு, அதுவும் நம் கண் முன்னால் பிரித்ததாக இருக்க வேண்டும். பெருந்தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் விதி.

முகச்சவரத்தை மட்டும் தொற்று பரவும் நாட்களில் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும். முடிவெட்டும்போது கவசம் போட்டிருக்கலாம். காதோரம் வெட்டும்போது அந்தப் பக்கத்து நாடாவைக் கழற்றி, கவசத்தைக் கையால் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். சவரத்துக்கு அந்த வழி இல்லை. வாயும் மூக்கும் திறந்திருக்க, ஒரு சாண் தூரத்தில் இன்னொரு முகம் கால் மணி நேரம் நிற்கும். தடுப்பூசி போடாதவர் ஒருவரை நாம் பெரிய ஆபத்தில் தள்ளும் நேரமும் அதுதான்.

அந்தத் தம்பி ஒரு நாளில் பதினைந்து தலைக்கு முடிவெட்டுவார் என்று வையுங்கள். நான் ஒரே ஒருவரின் மூச்சருகே மாதத்தில் அரை மணி உட்காருகிறேன். அவர் பதினைந்து பேரின் மூச்சருகே ஒவ்வொரு நாளும் ஏழெட்டு மணி நேரம் நிற்கிறார். அதிலும் நான் ஒரு ஊசி போட்டவன், அவர் ஒன்றும் போடாதவர். யாருக்கு யார் ஆபத்து என்று கேட்டால், அவருக்கு நாம்தான்.

முடிவெட்டுகிறவர் ஊசி போட்டிருந்தால் நமக்குக் கவலை இல்லை என்பதும் தவறு. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரை ஊர் ஒன்றில் டெல்டா பரவியபோது தொற்று கண்டறியப்பட்ட 469 பேரில் 74 சதவீதத்தினர் முழுத் தடுப்பூசி போட்டவர்கள். அவர்களில் மிகச் சிலரே மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவரும் இறக்கவில்லை. தடுப்பூசி செய்த வேலை அது. போட்டவர் உடலை அது காக்கும், அவர் மூச்சை முழுதாக வடிகட்டாது. ஆகவே உங்களுக்கான காப்பு நீங்கள் போடும் ஊசி. அவருக்கான காப்பு அவர் போடும் ஊசி. இருவருக்கும் பொதுவான காப்பு கவசமும் காற்றும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் 139 பேரைத் தேடிப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், யார் யார் வந்தார்கள் என்ற குறிப்பு இருந்ததுதான். 2020 ஜூனில் தமிழக சலூன்களும் வருகிறவரின் பெயர், கைபேசி எண், ஆதார் எண்ணை எழுதிவைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. முடிவெட்ட ஆதாரா என்று பலர் சங்கடப்பட்டது நியாயமே. பெயரும் கைபேசி எண்ணுமே போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்த நோட்டு அவசியமானதுதான்.

ஸ்பிரிங்ஃபீல்டில் எனக்கு உறுத்துவது அந்த எட்டு நாட்கள். அறிகுறியோடு அந்தப் பெண் எட்டு நாள் வேலைக்கு வந்தார். அவர் ஏன் வந்தார் என்பது எனக்குத் தெரியாது. நம் ஊர் சலூனில் ஏன் வருவார்கள் என்பது தெரியும். கடை பூட்டினால் அன்றைக்கு வருமானம் இல்லை, வாடகை மட்டும் நிற்காது. 2020 ஊரடங்கில் முடிதிருத்துவோர் நலவாரிய உறுப்பினர்களுக்கு அரசு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. இரண்டு மாதம் மூடிக்கிடந்த கடைக்கு அது எத்தனை நாள் வரும்? காய்ச்சல் வந்த நாளில் கடை திறக்காமல் இருக்க ஒருவரால் முடிந்தால், அது எந்தக் கவசத்தையும்விடப் பெரிய பாதுகாப்பு.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால், தொடக்கத்தில் நாம் எல்லோருமே தடுப்பூசி போடாதவர்களாகத்தான் இருப்போம். அன்றைக்குக் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், வாசலிலேயே காத்திருங்கள், உள்ளே பேச்சைக் குறையுங்கள், கவசத்தை இறக்காதீர்கள். சவரத்தை விட்டுவிட்டாலும் அதற்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதை மாட்டும் செலவில் நாலு வாடிக்கையாளர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.