கல்நார்க் கூரையும் செடிநார்ச் சுவரும்

விருந்தாளி வந்தால் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது தேநீர்தான். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அந்தக் கொழுந்தைப் பறிக்கும் பெண், மாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும் வீடு எப்படி இருக்கிறது? இதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் பனி உறைவதுண்டு. ஹட்டன் பக்கம் பருவமழை தொடங்கினால் நாட்கணக்கில் வெயிலைக் காண முடியாது. வெள்ளையர் காலத்து லயன் காம்பராக்களில் இன்றும் ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓரிரு சிறு அறைகளுக்குள்தான். சுவரில் ஈரம் ஊறுகிறது, மூலையில் பூஞ்சணம் படர்கிறது. குழந்தைக்கு இருமல் தீர்ந்தபாடில்லை.

தேயிலைக்கும் கூரைக்கும் என்ன தொடர்பு?

பழைய தகரம் துருப்பிடித்த இடங்களில் பல கூரைகளுக்கு அஸ்பெஸ்டஸ் தகடு வந்தது. தமிழில் இதைக் கல்நார் என்கிறோம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 50க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துள்ளன. இலங்கையும் 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024க்குள் முழுவதும் நிறுத்தத் திட்டமிட்டது.

அப்போது நடந்தது கவனிக்கத்தக்கது. அஸ்பெஸ்டஸை விற்கும் நாடு ரஷ்யா. நம் தேயிலையை வாங்கும் முக்கிய நாடுகளில் ஒன்றும் அதுவே. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. இலங்கை அரசு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. அந்த மாத இறுதியிலேயே தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிப்பவளின் உழைப்பு ஒரு தட்டிலும், அவள் தலைக்கு மேலுள்ள கூரை மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்பட்டது போலாயிற்று!

கல்நாருக்குப் பதில் செடிநார்

கல்நாரை விட்டால் வேறு வழி இல்லையா? உலகின் பல நாடுகளில் இன்று பேசப்படும் ஒரு செடி ஹெம்ப். இது கஞ்சாவின் இனம்தான். ஆனால் நாருக்காக வளர்க்கும் இந்த வகையில் போதைப் பொருள் மிகச் சொற்பம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்பது சட்டம். கடையில் நாம் சணல் என்று வாங்கும் கயிறு வேறு செடியினுடையது.

'மார்க்கம் தடுத்த போதையோடு தொடர்புடைய செடி ஆயிற்றே' என்று சில சகோதரிகள் தயங்கலாம். போதை ஹராம் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நார் போதை தருவதில்லை. சமர்கந்திலும் பக்தாதிலும் முஸ்லிம்கள் காகிதம் செய்தபோது, பழைய லினன் துணியோடு ஹெம்ப் நாரையும் கூழாக்கியே செய்தார்கள். அத்தகைய காகிதத்தில்தான் எத்தனையோ கிதாபுகள் எழுதப்பட்டன.

இந்தச் செடி மூன்று நான்கு மாதங்களில் ஆளைவிட உயரமாக வளர்ந்துவிடும். வெளிப்பட்டையில் நார், உள்ளே நெட்டி போன்ற தண்டு. அந்தத் தண்டைச் சிறு துண்டுகளாக்கிச் சுண்ணாம்பும் நீரும் கலந்து, பலகைகளுக்கு இடையே இட்டுத் தட்டினால் சுவர். வெளிக்குளிரை உள்ளே விடாது, உள்வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தை எளிதில் அண்ட விடாது.

1980களில் பிரான்சில் பழைய வீடுகளைச் செப்பனிட இம்முறை கையாளப்பட்டது. இந்தியாவில் எல்லோரா குகைகளின் மண்பூச்சில் ஹெம்ப் கலந்திருப்பதை 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மலை மாநிலமான உத்தராகண்டில் 2018 முதல் இதைப் பயிரிட உரிமம் தருகிறார்கள். அங்கே பௌரி கர்வால் மாவட்டத்தில் இச்சுவரால் ஒரு வீடும் எழுந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. இச்சுவர் கூரையின் பாரத்தைத் தாங்காது, மரச்சட்டம் வேண்டும். காய வாரக்கணக்கில் ஆகும். ஓயாது மழை பெய்யும் மலையில் உயர்ந்த அத்திவாரமும் அகன்ற தாழ்வாரமும் இல்லாவிட்டால் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1929ஆம் ஆண்டின் போதைப் பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இங்கே யாரும் தம் விருப்பப்படி இதைப் பயிரிட முடியாது. ஆகவே யாரும் விதை தேடிப் போக வேண்டாம்.

இன்றே செய்யக் கூடியவை

செடி இல்லாவிட்டாலும் அதன் பாடம் நமக்கு உண்டு: ஈரச் சுவரை மூடாதே, மூச்சு விட விடு. ஈரம் ஊறும் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். பதிலாகச் சுண்ணாம்பு அடியுங்கள். தும்பும் சுண்ணாம்பும் நம் நாட்டிலேயே கிடைப்பவை. இவற்றைக் கொண்டு கட்டடப் பொருள் செய்து பார்க்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அஸ்பெஸ்டஸ் கூரை உள்ளவர்கள் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. பாசியை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் பரப்பவும் கூடாது. தூசிதான் எமன்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலும் மண்சரிவும் இன்னும் பல குடும்பங்களை வீடற்றோராக்கின. வீடுகள் எப்படியும் கட்டத்தான் வேண்டும். எத்தனை வீடு என்று மட்டும் கேட்டால் போதாது. சுவர் எதனால், கூரை எதனால் என்றும் கேட்க வேண்டும். அடுப்படியிலும் படுக்கையிலும் அந்தச் சுவரோடு அதிக நேரம் வாழ்பவர்கள் பெண்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.