சமதள மலை

சென்ற மாதம் ஓய்வு நேரத்தில் நிலப்படத் தொகுதியொன்றைப் புரட்டுகையில், கனடா தேசத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடபுறத்தே ‘லெவல் மவுண்டன்’ என்னும் பெயர் நம் கண்ணில் பட்டது. மலையாவது, சமதளமாவது! தேடிப் பார்த்து அறிந்தவற்றை அன்பர்களுக்குச் சொல்லுகிறோம்.

அது ஓர் எரிமலை. பரப்பு ஏறக்குறைய 1,800 சதுர கிலோமீட்டர். சுமார் 1 கோடி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிகுழம்பு வெளிவரத் தொடங்கியது. கூழ்போல் இளகி ஓடியபடியால் அது குவியாமல் பரந்து, படிவின்மேல் படிவாய் இறுகி, தரையில் கிடத்திய கேடயத்தின் வடிவம் பெற்றது. பம்பாயிலிருந்து புனே செல்லும் வண்டியில், படிப்படியாய் நிற்கும் கரும்பாறை மலைகளைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவையும் எரிகுழம்புப் படிவுகளே. வயதில்தான் மிக மூத்தவை. பிற்காலத்தில் கெட்டியான குழம்பு பொங்கி, நடுவே சிகரங்களை எழுப்பிற்று. அவற்றுள் உயர்ந்ததாகிய மெஸ்ஸா சிகரம் 2,100 மீட்டருக்கு மேற்பட்டது. பின்னர் வந்த பனியாறுகள் அச்சிகரங்களைச் சுற்றிலும் அகன்ற பள்ளத்தாக்குகளைக் குடைந்துவிட்டன. இன்று நாம் காண்பது தேய்ந்து எஞ்சிய பகுதியே.

பசிபிக் கடலிலிருந்து வரும் முகில்களைக் கரையோர மலைத்தொடர் தடுத்து, பெரும்பகுதி மழையையும் பனியையும் தானே வாங்கிக்கொள்கிறது. லோணாவளாவில் கொட்டித் தீர்த்த மழை புனேயில் தூறலாவது போல என்க. ஆகவே சமதள மலையில் ஈரம் குறைவு, குளிரோ கடுமை. அடிவாரத்தில் ஊசியிலை மரங்கள். மேலே செல்லச் செல்ல முழங்காலளவு புதர்கள். அதற்கும் மேலே புல்லும் பாசியுமே. காரிபு என்னும் மான்கள் அங்கே மேய்கின்றன. மலைநீரில் ஒரு பங்கு டாக்கு ஆற்றையும், மற்றொரு பங்கு ஸ்டிக்கீன் ஆற்றையும் சேர்கிறது.

ஸ்டிக்கீன் கரையில், மலைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, டெலிகிராப் கிரீக் என்னும் சிற்றூர் உண்டு. தந்திக்கும் காட்டுக்கும் என்ன உறவு? சைபீரியா வழியாக ஐரோப்பாவை எட்டும் தந்திப் பாதைக்காக 1860-களில் இப்பகுதியை ஆராய்ந்தனர். 1866-ல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வெற்றி பெறவே, அத்திட்டம் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. மலைக்குக் கிழக்கேயுள்ள டீஸ் ஏரிக்கு 1970-களில் இருப்புப்பாதை போட முற்பட்டு, 1977-ல் அதையும் நிறுத்திவிட்டனர். தண்டவாளம் காணாத மண்கரை பல மைல் கிடக்கிறது என்று படித்தபோது, இரயில்வேக்காரராகிய நமக்கு மனம் சற்றுச் சங்கடப்பட்டது.

அவ்வூரார் டால்டான் என்னும் பழங்குடியினர். கோடைதோறும் ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனைப் பிடித்துப் புகையிலிட்டு உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேமிப்பவர்கள். வறண்டிருந்த 2018 ஆகஸ்டில் காட்டுத்தீ ஊரினுள் புகுந்து பல வீடுகளை எரித்தது. மக்கள் அனைவரும் வெளியேறி, மாதக்கணக்கில் வேற்றூர்களில் தங்கினர். பின்னர், சிறிது சிறிதாகத் திரும்பி வந்து, அதே ஆற்றங்கரையில் மீண்டும் வீடு கட்டலாயினர்.