நில நிர்வாகம்: கற்றுக்கொள்ள வேண்டியது யார்?

நிலம், காடு, மேய்ச்சல் தரை, நீர்நிலை ஆகியவற்றில் யாருக்கு என்ன உரிமை, அதை யார் பதிவது, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பவையே நில நிர்வாகத்தின் அடிப்படைக் கேள்விகள். நில அளவையர், வருவாய்த்துறையினர், வழக்கறிஞர், தொண்டு நிறுவனப் பணியாளர் எனப் பல தரப்பினருக்கும் இதற்கான பயிற்சி முகாம்களும் பயிலரங்குகளும் மாநாடுகளும் உலகெங்கும் நடக்கின்றன.

வரைபடக் கலையைக் கற்பிக்க நெதர்லாந்தில் 1950இல் தொடங்கப்பட்ட ஐடிசி நிறுவனம் இதில் முன்னோடி. முன்னாள் பிரதமர் ஷெர்மர்ஹார்ன் அதன் நிறுவனர். 1966இல் டேராடூனில் தொடங்கி, இன்று இந்தியத் தொலையுணர்வு நிறுவனமாக வளர்ந்திருக்கும் பயிற்சி நிலையத்துக்கும் நெதர்லாந்து கைகொடுத்தது.

2012 மே மாதம் உலக உணவுப் பாதுகாப்புக் குழு, நிலம், மீன்வளம், காடு குறித்த தன்னார்வ வழிகாட்டுதல்களை ஏற்றது. அதன்பின் பயிற்சிகளின் போக்கு மாறியது. அளப்பது எப்படி என்பதோடு, பட்டா இல்லாமல் தலைமுறைகளாக ஒரு நிலத்தை அனுபவித்து வருபவரின் உரிமை என்ன என்பதும் பாடமானது.

இத்தகைய பாடத்துக்கு ருவாண்டாவைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அந்நாடு 2009 முதல் 2013க்குள் ஒரு கோடிக்கும் அதிகமான மனைகளையும் வயல்களையும் பதிவு செய்தது. பட்டம் பெற்ற அளவையர்கள் போதாததால், ஊர்க்காரர்களுக்கே சில நாள் பயிற்சி தரப்பட்டது. வான்வழிப் படத்தின் அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார்கள். நிலத்துக்காரரும் பக்கத்து வயல்காரரும் வரப்போரம் நடந்து எல்லையைக் காட்டுவார்கள். ஊரார் பார்த்திருக்க, படத்தின் மேல் பேனாவால் கோடு போடப்படும். ஒத்துப்போகாத எல்லைகள் தகராறு எனத் தனியே குறிக்கப்பட்டன.

முதலில் நடந்த முன்னோட்டத்தை உலக வங்கி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பதிவு பெற்றவர்கள் மண் அரிப்பைத் தடுக்கும் வரப்பு, படித்தளம் போன்றவற்றில் கூடுதலாக உழைப்பும் பணமும் போட்டிருந்தார்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். நிலம் கையை விட்டுப் போகாது என்ற உறுதி இருந்தால்தான் மண்ணைக் காக்க மனம் வரும். வளப் பாதுகாப்பையும் நில உரிமையையும் ஒரே வகுப்பில் கற்பிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

அதே ஆய்வு ஒரு குறையையும் காட்டியது. சட்டப்படி மணந்த பெண்களின் உரிமை வலுப்பெற, திருமணச் சான்றிதழ் இல்லாத பெண்கள் பின்தங்கினார்கள். நாடு முழுவதும் பணி பரவும்முன் நடைமுறை திருத்தப்பட்டது. முன்னோட்டம் நடத்தி, விளைவைப் பார்த்து, திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கமே பயிற்சிகள் முதலில் கற்றுத்தர வேண்டியது.

பெரும்பாலான பயிலரங்குகளின் இருக்கைகளில் அதிகாரிகளும் ஆலோசகர்களுமே நிறைந்திருப்பது வருத்தத்துக்குரியது. பெண் விவசாயிகளும் ஆடு மாடு மேய்ப்பவர்களும் மீனவர்களும் அங்கே பாடம் சொல்லும் இடத்தில் அமர வேண்டும். பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் அவர்கள் வந்துபோகும் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.