பௌத்திரத்தோடு வரும் குடல்நோய்

தென்கொரியத் தலைநகர் சியோலின் தென்கிழக்கில் சோங்பா, காங்டோங் என்று அடுத்தடுத்து இரண்டு வட்டாரங்கள். 1988 ஒலிம்பிக் நடந்த பக்கம். அங்கே குடியிருப்போரில் யாருக்கெல்லாம் குரோன் என்ற குடல்நோய் வந்தது என்று 1986 தொடங்கி மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் ஐந்தாண்டுகளில், ஆண்டுக்கு லட்சத்தில் 0.06 பேர். அதாவது பதினேழு லட்சம் பேரில் ஒருவர். 2011-2015இல் அது 2.44 ஆகிவிட்டது; நாற்பதாயிரம் பேருக்கு ஒருவர். குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பெருகியதால் முன்பு தெரியாமலே போன நோய் இப்போது கண்ணில் படுகிறது என்பது ஓரளவு சரி. நாற்பது மடங்குக்கு அது மட்டும் போதாது. மாறிய உணவையும் நகர வாழ்க்கையையும் எல்லோரும் கைகாட்டுகிறார்கள். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர்தான் இல்லை.

நோயெதிர்ப்பு ஆற்றல் தடம் புரண்டு குடலையே புண்ணாக்கும் இந்த நோயை 1932இல் நியூயார்க்கில் பர்ரில் குரோனும் கூட்டாளிகளும் விவரித்தார்கள். பாடநூல்களில் உள்ள வர்ணனை பெரும்பாலும் வெள்ளைக்கார நோயாளிகளைப் பார்த்து எழுதியது. அவர்களிடம் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். சோங்பா-காங்டோங்கிலோ ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்களுக்கு மேல். கண்டறியும்போது சரிபாதிப் பேர் 22 வயதைத் தாண்டாதவர்கள்.

இன்னொன்று முக்கியம். நோய் உறுதியான நாளிலோ அதற்கு முன்போ நூற்றுக்கு 43 பேருக்குப் பௌத்திரமோ (ஆசனவாய் அருகே புரையோடிய துளை) ஆசனவாய்ச் சீழ்க்கட்டியோ இருந்திருக்கிறது. மேலைநாட்டுக் கணக்கோடு பார்த்தால் இது மிக அதிகம். இருபது வயதுப் பையன் இதை வீட்டில் சொல்லக்கூட வெட்கப்படுவான். வலி தாங்காமல் அறுவை மருத்துவரிடம் போனால் கீறிச் சீழை எடுத்து அனுப்பிவிடுவார். சிறுகுடலின் கடைசியில் இருக்கும் புண் அப்படியே கிடக்கும். இளைஞருக்குப் பௌத்திரம் திரும்பத் திரும்ப வந்தால் குடலையும் பார்த்துவிடுவதே நல்லது.

குடலைப் பார்த்தாலும் குழப்பம் தீராது. குடல் காசநோயும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். கொரியாவில் காசநோய் இன்னும் ஓயவில்லை. குரோன் என்று தவறாக எண்ணி, அதற்கான எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் காசநோயாளிக்குக் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். அதனால் கொரிய மருத்துவர்கள் 2006இல் எட்டு அடையாளங்களை வகுத்தார்கள். நீளவாக்கில் புண், வாய்ப்புண் போன்ற சிறு புண்கள், கூழாங்கல் பாவியது போன்ற தோற்றம், ஆசனவாய்ப் பாதிப்பு: நான்கும் குரோன் பக்கம். குறுக்குவாட்டுப் புண், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வாய்பிளந்து நிற்கும் வால்வு, தழும்புகள், குடலின் நான்குக்கும் குறைவான பகுதிகளில் மட்டும் பாதிப்பு: இவை காசநோய்ப் பக்கம். எந்தப் பக்கம் கூடுதலோ அதுவே நோய். அப்படியும் தெளியாவிட்டால், முதலில் காசநோய் மாத்திரையைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்துப் புண் ஆறியதா என்று மறுபடி பார்ப்பார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் வெகுகாலமாக மல்லுக்கட்டும் சிக்கல்தான் இது.

மரபணுவும் வேறு. ஐரோப்பியரிடம் குரோனோடு முதலில் தொடர்புபடுத்தப்பட்ட என்ஓடி2 மரபணு மாற்றங்கள் கொரியரிடம் இல்லை என்றே சொல்லலாம். குரோனுக்குக் கொடுக்கும், எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதியோபிரின் மருந்து கொரியருக்கு ரத்த வெள்ளையணுக்களை ஏன் இவ்வளவு குறைக்கிறது என்பதும் புதிராக இருந்தது. மேற்கில் காரணமாகச் சொல்லப்பட்ட டிபிஎம்டி மரபணு மாற்றம் இவர்களிடம் அரிது. 2014இல் கொரியக் குழு ஒன்று விடையைக் கண்டது: என்யுடிடி15 என்ற வேறொரு மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதியைப் பெற்றவருக்குச் சில வாரங்களிலேயே வெள்ளையணுக்கள் சரியும், தலைமுடி கொட்டும். இந்தியரிடமும் இந்த மாற்றம் அரிதல்ல. மருந்து தொடங்கும் முன்பே ரத்தத்தில் இதைச் சோதித்துவிடலாம். இரண்டு பிரதியும் மாறியவருக்கு வேறு மருந்துதான்.