பிழைக்கு அஞ்சும் குழந்தை

வீட்டுப் பாடம் எழுதும் குழந்தை, ஓர் எழுத்துச் சற்றே கோணிவிட்டால் அந்தப் பக்கத்தையே கிழித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்றாம் முறையும் கோணினால் பென்சிலை வீசிவிட்டு அழுகிறது. பெற்றோர் சிலர் இதனைப் பிடிவாதம் என்று கடிகின்றனர். வேறு சிலர், இவ்வயதிலேயே எத்துணைப் பொறுப்பு என்று உள்ளூர மகிழ்கின்றனர். இரண்டும் பொருந்தா. இஃது அச்சத்தின் விளைவு.

நன்றாகச் செய்ய விழையும் குழந்தை வேறு; பிழையைத் தாங்காத குழந்தை வேறு. முன்னது வேலை முடிந்ததும் மகிழ்ந்து விளையாடச் செல்லும். பின்னதோ 98 மதிப்பெண் பெற்றும், இழந்த இரண்டினையே எண்ணி வாடும். தவறிவிடுமோ என்று தொடங்கவே தயங்கும். நாம் அதற்குச் சோம்பல் என்று பெயரிடுகிறோம். தேர்வு நாளன்று காலையில் வயிற்றுவலி என்று படுத்துவிடுவதும் உண்டு.

நம் பாராட்டும் இதற்கு ஒரு காரணமாகலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிளாடியா மூலர், கரோல் ட்வெக் என்னும் உளவியலறிஞர்கள், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளை 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புதிர்களை விடுவித்த குழந்தைகளுள் சிலரை அறிவாளிகள் என்றும், சிலரை நன்கு முயன்றவர்கள் என்றும் பாராட்டினர். பின்னர்க் கடினமான புதிர்களைக் கொடுத்தபோது எல்லோருமே தடுமாறினர். ஆனால், அறிவாளி என்று பெயர் பெற்றோரே விரைவில் ஆர்வம் குன்றினர். மீண்டும் எளிய புதிர்கள் வந்தபோதும் முன்னைவிடக் குறைவாகவே செய்தனர். தம் மதிப்பெண்ணை உயர்த்திச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் மிகுதி. பட்டம் பெற்ற குழந்தைக்கு ஒவ்வொரு பிழையும் அப்பட்டத்தைப் பறிக்க வந்ததாகத் தோன்றுகிறது போலும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் குழந்தைகளுக்கு இத்தொல்லை சற்றுக் கூடுதல். தமிழில் உயிரற்ற பொருளெல்லாம் அஃறிணை. இந்தியிலோ புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாப்' பெண்பால், காகிதத்தைக் குறிக்கும் 'காகஜ்' ஆண்பால். தமிழ் ஒரு ககரத்தைக் கொள்ளும் இடத்தில் நாகரி நான்கு எழுத்துகளைக் கொள்கிறது. ஆகவே தில்லிப் பள்ளியில் நம் குழந்தை செய்யும் பிழைகள் பலவற்றுக்கு இலக்கணமே காரணம். அதனை எடுத்துரைத்தால், குறை தன்னிடத்தில் இல்லை என்று குழந்தை தெளியும். வீட்டில் தந்தை "ரோட்டி அச்சா ஹை" என்கிறார். எட்டு வயது மகள் "அச்சீ" என்று திருத்துகிறாள். அவர் முகம் சுளியாமல் "அச்சீ ஹை" என்று திருப்பிச் சொல்லிவிட்டு உணவைத் தொடர்ந்தால், அதனினும் நல்ல பாடம் வேண்டுவதில்லை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குழந்தை 'மழை'யை 'மளை' என்று சொல்ல, உறவினர் கூடிச் சிரிக்கின்றனர். அன்பினால் எழுந்த சிரிப்பே. ஆயினும் பிழைக்கு அஞ்சும் குழந்தை மறுநாள் முதல் தமிழில் வாய் திறப்பதில்லை. பள்ளித் தேர்வில் இல்லாத மொழியைக் கைவிடுவது அதற்கு எளிது.

அழுகை பொங்கும் வேளையில் அறிவுரை செவி ஏறாது. சற்றே பொறுத்திருந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அமைதியடைந்தபின் எந்த இடத்தில் தவறிற்று என்று மட்டும் கேட்கலாம். தாளைக் கிழிக்காமல், தவறிய சொல்லை ஒரு கோட்டால் அடித்து மேலே எழுதப் பழக்கலாம். கணித மேதை இராமானுசன் 1913ஆம் ஆண்டில் ஹார்டிக்கு அனுப்பிய முடிவுகளுள் பகா எண்களைப் பற்றிய சில தவறானவை. ஹார்டி அதனை அறிந்தும் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தார். 1914இல் இராமானுசன் கப்பலேறினார். மேதைகளின் கதைகளைச் சொல்லும்போது இத்தகைய பகுதிகளை நாம் விட்டுவிடுகிறோம்.

உறக்கமும் உணவும் கெட்டு, பள்ளிக்குச் செல்லவே குழந்தை மறுக்குமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

மற்றபடி, ஊரிலுள்ள பாட்டிக்கு மாதம் ஒருமுறை நான்கு வரி எழுதச் சொல்லலாம். றகரம் ரகரமாக இருந்தால் இருக்கட்டும். அப்படியே அஞ்சலில் சேர்த்துவிடுவோம். பாட்டி பதில் எழுதும்போது அதே சொல்லைச் சரியாக எழுதியிருப்பார். குழந்தை தானே அதனைக் கண்டுகொள்ளும்.